மல்லிகை வாசனை அடித்த கார்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் 31 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற தகுதி, ஏமாந்த தகுதிதான். வாங்கிய பழைய காரை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கியவன் என்று கேள்விப்பட்டு வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். முழுப் பணமும் வரவில்லை. அதையும் சொல்கிறேன்.

2024 மே மாதம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில், ஐந்து வருஷம் ஓடிய வெள்ளைக் கார் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு எடுத்தேன். டி.என். 69, தூத்துக்குடிப் பதிவு. பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை. என் மனைவிக்கு அந்த வாசனை பிடித்துப்போனது. ஒரு காருக்கு அத்தனை வாசனை எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பெயர் மாற்றமும் முடிந்து, ஜூன் கடைசியில் குற்றாலம் புறப்பட்டோம். ஆலங்குளம் தாண்டியதும் சாரல். கண்ணாடியை ஏற்றினால் பாதியில் நின்றுவிட்டது. வைப்பரைப் போட்டால் ஓடவில்லை. அணைத்தபிறகு தானாக இரண்டு தரம் ஆடியது. ஏர்பேக் விளக்கு வேறு எரிந்தது. பாவூர்சத்திரம் வருவதற்குள் பேத்தி முழுசாக நனைந்துவிட்டாள். அவளுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்த பையன். அவன் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாகக் கடைசிவரை இழுத்தான். முதலில் நல்ல கறுப்பாக வந்தது. அப்புறம் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெல்ட் சாம்பல் நிறம். விரலால் தடவினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டியது.

"சார்வாள், இது ஆத்துத் தண்ணியில முங்குன வண்டில்லா" என்றான்.

பெல்ட்டின் சுருள் கதவை ஒட்டிய தூணின் அடியில் இருக்கிறது. வண்டியைக் கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற பகுதியைத்தான் கழுவுவார்கள். சுருளுக்குள் போன சேறு அங்கேயே காய்ந்து கிடக்கும். அவன் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் காட்டினான், துருவேறி இருந்தது. ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு. ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியில் மண்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அன்றைக்கு முங்கிய வண்டி எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. சீட் துணி மாற்றி, வாசனை அடித்து, விற்பனைக்கு வந்தவையும் உண்டு. முங்கிய வண்டியைச் சொல்லி, விலை குறைத்து விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னிடம் சொல்லவில்லை, அதுதான் வழக்கு.

கடைக்குப் போனேன். "செகண்ட்ஸ் வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. பாத்துத்தான எடுத்திய? வேணும்னா வயரிங்கை நானே மாத்தித் தாரேன்" என்றார் கடைக்காரர். அரை மணி கழித்து, "நான் வெறும் புரோக்கர், அது பார்ட்டி வண்டி" என்றார். இந்த இரண்டாவது பேச்சுதான் ஆபத்து. விற்றவர் அவரா, அவர் கைகாட்டிய யாரோவா என்பதிலேயே பாதி வழக்கு போய்விடும். நல்ல வேளையாக ரசீது கடையின் பெயரில் இருந்தது, வங்கி வழியாகப் போன 3,10,000 ரூபாயும் கடைக் கணக்குக்கே போயிருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 30,000 ரூபாய்க்கு ரசீது இல்லை. "நம்ம சார்வாள்தானே" என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டார். அது போனது போனதுதான்.

இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறேன் என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் ஏறிய வயரிங் இன்றைக்கு ஓர் இடம், நாளைக்கு வேறு இடம் என்று படுத்தும் என்றான் பையன். அன்றைக்கே வண்டியை நிறுத்தி, கவர் போட்டு, மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டேன். 61,480 கிலோமீட்டர். இது வீம்புக்குச் செய்ததில்லை. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாக நஷ்டஈடுதான் கேட்க முடியும், வேண்டாம் என்று தள்ள முடியாது. குறை தெரிந்த பிறகும் மாதக் கணக்கில் ஓட்டினால், ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று சட்டம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. ஏதாவது கம்பெனி தானாகக் கொடுக்கிற சலுகையாக இருக்கும்.

அப்புறம் காகிதம் தேட ஆரம்பித்தேன். ஆர்சி என் பெயரில் இருந்ததால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டதும் பழைய சர்வீஸ் விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் வயரிங்குக்கு எஸ்டிமேட் போட்டிருந்தது. கடைக்காரர் கொடுத்த ஃபைலிலேயே பழைய இன்சூரன்ஸ் இருந்தது. கிளெயிம் வாங்காத வருஷங்களுக்காகத் தரும் தள்ளுபடிதான் நோ கிளெயிம் போனஸ். 2023 பாலிசியில் அது 45 சதவீதம், 2024 மார்ச்சில் பூஜ்யம். நடுவில் கிளெயிம் வாங்கியிருக்கிறார்கள். 45 பூஜ்யமானதை ஒரு கணக்கு வாத்தியார் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள். இதோடு, "தண்ணி ஏறாத வண்டி, கேரண்டி" என்று அவரே வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியும் என் போனில் பத்திரமாக இருந்தது.

இவற்றின் நகலோடு, வண்டி வேண்டாம், பணம் வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் போனது. 15 நாள் கெடு. நுகர்வோர் ஆணையம் வரை போகவேண்டி வரவில்லை. ஆனால் போகத் தயாராக இருந்தேன், அவருக்கும் அது தெரியும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்கும் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நாம் குடியிருக்கிற ஊரிலேயே மனுப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். களக்காட்டில் வாழைத்தார் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவரும் இதில் நுகர்வோர்தான்; வியாபாரத்துக்கு வாங்கியது என்று அவரைத் தள்ளிவிட முடியாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

ஆகஸ்டில் 3,10,000 ரூபாய் தருவதாக இறங்கி வந்தார். கூடவே, பெயர் மாற்றத்துக்கான ஃபாரங்களைக் காட்டி, "29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தாங்க, அடுத்த பார்ட்டிக்கு நேரா மாத்திக்கிடுதேன்" என்றார். பணம் வருகிற சந்தோஷத்தில் யாரும் போட்டுவிடுவார்கள். நான் மாட்டேன் என்றேன். அடுத்த பார்ட்டி கிடைக்கிற வரை ஆர்சியில் என் பெயர்தானே இருக்கும்? அந்த நாளில் அவர் கடைப் பையன் யார் மேலாவது ஏற்றிவிட்டால்? பல கை மாறிய வண்டியானாலும், விபத்துக்கு ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரச் சான்று வாங்கிய பழைய வண்டி வியாபாரிக்கு ஒரு வழி உண்டு: வண்டி கைமாறியதை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருடையது. இவரிடம் அந்தச் சான்று இல்லை. அதனால் ஃபாரத்தில் அவர் பெயரை நானே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நான் மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். சாவி, மீட்டர் அளவு, நேரம் எல்லாம் எழுதி அவரிடமும் ஒரு கையெழுத்து.

அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை. வண்டிப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என் பெயர் போய் அவர் பெயர் வந்தது. விட்டிருக்கலாம். பழக்கம் விடவில்லை. போன பிப்ரவரியில் பார்த்தால் மறுபடி புதுப் பெயர். பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை.

அவர் ஒருவேளை இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வெள்ளை வண்டி, டி.என். 69, உள்ளே மல்லிகை வாசனை. அந்த டிரைவர் சீட் பெல்ட்டைக் கொஞ்சம் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்.

வணக்கம்.