மொய் நோட்டில் இருக்கும் மச்சான்மார்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி அமாவாசையன்று நெல்லைப் பக்கம் பாபநாசம் படித்துறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். பெரியப்பா மகனுக்கும் அத்தை மகனுக்கும் யார் இறைப்பது? புரட்டாசி மகாளயத்தில் ‘காருண்ய பித்ருக்கள்’ என்று ஒரு வரிசை உண்டு. சித்தப்பா, மாமா, அத்தையில் தொடங்கிச் சிநேகிதர் வரைக்கும் அதில் சேர்த்தி. சாஸ்திரம் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. நமக்குத்தான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

ஒரு குடும்பத்தில் சீக்கிரம் மறந்துபோகிற ஆட்கள் இந்தப் பெரியப்பா மகன், அத்தை மகன்மார்தான். தாத்தா படம் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும். செத்துப்போன மச்சான் படம் அவன் வீட்டில் மட்டும்தான்.

இத்தனைக்கும் தாத்தா பேரைச் சுமந்தவர்களே இவர்கள்தான். எங்கள் பக்கம் ஒரே வளவில் மூன்று சுடலைமுத்து இருப்பார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாதே! அதனால் ஒருத்தன் ‘பெரியவன்’, ஒருத்தன் ‘ராசா’, இன்னொருத்தன் ‘மேலவீட்டான்’. ரேஷன் கார்டில் மூவரும் சுடலைமுத்துதான். கூப்பிடுகிற பேரைத் தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், எந்தச் சுடலைமுத்து குளத்தில் நீச்சல் பழக்கினான் என்று பேரனுக்கு யார் சொல்வது?

இதற்கெல்லாம் நம்மிடம் ஆவணம் இருக்கிறது. பரணில் கிடக்கும் மொய் நோட்டைத்தான் சொல்கிறேன். மஞ்சள் தடவிய அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் பேர். அப்புறம் ஊரும் பேரும் தொகையுமாக வரிசையாக வரும். ‘வள்ளியூர் அத்தை மகன், ரூ. 11.’ அந்த மனுஷன் போயிருக்கலாம். அந்தப் பதினோரு ரூபாய் போகாது. அவர் மகள் கல்யாணத்தில் நாம் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். மொய்யைக் கந்துவட்டி மாதிரி என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. சில ஊர்களில் அது அப்படித்தான் ஆகியும் விட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஆள் செத்த பிறகும் இரண்டு வீட்டையும் போகவர வைத்தது அந்தக் கடன்தானே?

இனி இந்த உறவே எத்தனை பேருக்கு வாய்க்கும்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கட்டிக்கொண்டால், அவர்கள் பிள்ளைக்கு அத்தையும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை. பிறகு மச்சான் எங்கிருந்து வருவான்? கருமாதியில் தலைக்கு உருமா கட்ட ஆள் தேட வேண்டியதுதான். சின்னக் குடும்பத்தால் பெண்கள் எவ்வளவோ மூச்சுவிட்டிருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தவர்களையாவது எழுதி வைப்போம் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு நல்ல நாள் பங்குனி உத்திரம். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து சேருவார்கள். குலசாஸ்தா தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போவார்கள். பொங்கல் பொங்கி இறங்கி, படைத்துச் சாப்பிட்டபின் மரத்தடியில் எப்படியும் ஒரு மணி நேரம் சும்மாதான் இருப்போம். வீட்டிலேயே வயசான அத்தையை நடுவில் உட்கார வையுங்கள். மொய் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பேராக வாசியுங்கள். இவர் யார், என்ன முறை, எப்படிப் போனார் என்று கேட்டு, பேருக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதியில் அத்தை பழைய பாகப்பிரிவினைச் சண்டையை எடுப்பாள். தடுக்காதீர்கள், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.