துடுப்பு போடுறவங்க தூங்கிட்டா படகு என்ன ஆகும்?

அடுத்த கேள்வி ராமமூர்த்தி நகர்ல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "சார், என் பொண்ணு பி.யு.சி. ரெண்டாம் வருஷம் படிக்கிறா. நம்ம பெங்களூருல பிறந்த அனன்யா பிரசாத் தனி ஆளா துடுப்பு போட்டு அட்லாண்டிக்கைக் கடந்த செய்தியைப் பாத்ததுல இருந்து, தானும் போகணும்னு சொல்லிட்டே இருக்கா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி தூங்கும்போது படகை யாரு பாத்துப்பாங்க? வந்த வழியிலேயே திரும்பிப் போயிடாதா?"

அம்மா, என்கிட்ட எல்லாரும் கேக்குறது கை வலிக்காதா, சுறா வராதான்னுதான். நீங்க தூக்கத்தைக் கேட்டீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. தனியா போறவங்க கரை சேருறதும் சேராததும், அவங்க கையில துடுப்பு இல்லாத நேரத்துல என்ன நடக்குதுங்கறதைப் பொறுத்தது.

நாலு பேர் போற படகுன்னா ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரு துடுப்பு வலிப்பாங்க, மத்த ரெண்டு பேரு படுப்பாங்க. அப்புறம் மாத்திப்பாங்க. படகு நிக்கவே நிக்காது. தனியா போறவங்க ஒரு நாளைக்குப் பத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் வலிச்சாலே பெரிய விஷயம். மிச்ச நேரம் பூரா படகு கடல் கையில. யாரும் பாத்துக்க மாட்டாங்க, அதுதான் நேரடியான பதில்.

திரும்பிப் போயிடாதான்னா, போகும். அதனாலதான் வழியையும் மாசத்தையும் அவ்வளவு யோசிச்சு எடுக்கறாங்க. அனன்யா 2024 டிசம்பர்ல ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல இருக்கிற லா கோமேராவுல கிளம்பினாங்க. போய்ச் சேர்ந்தது கரீபியன்ல இருக்கிற ஆன்டிகுவா. ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர், 52 நாள். அந்த வழியில வடகிழக்குல இருந்து வியாபாரக் காற்று, அதாவது ஒரே பக்கமா நிலையா வீசுற காற்று, பிடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கும், நீரோட்டமும் மேற்கே போகும். எங்க தாத்தா ஊர் தூத்துக்குடிப் பக்கம், அங்க நீரோட்டத்தை நீவாடும்பாங்க. நீவாடு பாக்காம யாரும் வலையை இறக்க மாட்டாங்க. அதே கணக்குதான் இங்கேயும். டிசம்பர்ல புயல் பருவம் முடிஞ்சிருக்கும், காற்றும் நிலைக்க ஆரம்பிச்சிருக்கும். தூங்கும்போதும் படகு மேற்கேதான் மிதக்கும், தூங்கி எழுந்தா சில கிலோமீட்டர் லாபம்.

4,800-ஐ 52-ஆல வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 92 கிலோமீட்டர் சொச்சம். தூங்குற நேரத்தையும் சேத்தா மணிக்கு நாலு கிலோமீட்டர்கூட வராது. நம்ம அல்சூர் ஏரிக்கரையில காலையில வாக்கிங் போறவங்க இதைவிட வேகமா நடப்பாங்க.

அப்ப காற்றே தள்ளுதே, துடுப்பு எதுக்குன்னு உங்க பொண்ணு கேக்கலாம். காற்று தள்ளுற திசை நாம போக வேண்டிய திசையா இருக்கணும்னு கட்டாயம் இல்லையேம்மா. கொஞ்சம் கொஞ்சமா தெற்கே இழுத்துக்கிட்டே போனா தீவை விட்டுட்டுத் தாண்டிப் போயிட வேண்டியதுதான். எதிர்க்காற்று அடிச்சா அதைவிட மோசம், பகல் பூரா வலிச்சதை ராத்திரி பறிகொடுக்கணும். அதுக்குன்னே பாரா ஆங்கர்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, பாராசூட் மாதிரி பெரிய துணி. கயித்துல கட்டி முன்பக்கத்துல இருந்து தண்ணிக்குள்ள விடுவாங்க. அது நீரை அள்ளிப் பிடிச்சு விரிஞ்சு நிக்கும். நடுக்கடல்ல நங்கூரம் தரையைத் தொடாது, அதனால தண்ணியையே பிடிச்சுக்கிறது. படகு முழுசா நிக்காது, பின்னால போற வேகம் குறையும்.

அதுல இன்னொரு பெரிய உதவி இருக்கு. மங்களூர் பக்கம் ஒருமுறை மீனவங்களோட ராத்திரி கடலுக்குப் போயிருந்தேன். இன்ஜினை நிறுத்தின கொஞ்ச நேரத்துல படகு தானா திரும்பி, அலைக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கிட்டு நின்னுது. ஒவ்வொரு அலைக்கும் இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது, கண்ணை மூடவே முடியல. சும்மா விட்ட படகு அப்படித்தான் நிக்கும், பெரிய அலை புரட்டிப் போடுறதும் அப்பத்தான். பாரா ஆங்கர் போட்டா மூக்கு அலையைப் பாத்து நிக்கும்.

அப்படியும் கவிழலாம். 1991-ல ஜெரார் டபோவில்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஜப்பான்ல இருந்து அமெரிக்காவுக்குத் தனியா பசிபிக்கைக் கடந்தார். 134 நாள். அவர் படகு முப்பது தடவைக்கு மேல கவிழ்ந்திருக்கு, ஒவ்வொரு தடவையும் நிமிந்திருக்கு. இந்தப் படகுகள் ஆறு ஏழு மீட்டர் நீளம்தான். முன்னாலயும் பின்னாலயும் காத்து அடைச்ச மாதிரி சின்ன அறை. சாப்பாடு, தண்ணி எல்லாம் அடியில கனமா இருக்கும். தலைகீழானா நிக்க முடியாம தானே உருண்டு நிமிரும்.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. அறைக் கதவு மூடியிருக்கணும். திறந்திருந்தா உள்ள தண்ணி புகுந்துடும், அப்புறம் நிமிராது. வெப்பமண்டல வெயில்ல, ஆள் நீட்டிப் படுக்க மட்டுமே இடம் இருக்கிற பெட்டிக்குள்ள, கதவை இறுக்கி மூடிக்கிட்டுத் தூங்கணும். உள்ள வெந்து போகும். கொஞ்சம் காத்து வரட்டுமேன்னு திறந்து வெக்கத் தோணும். அந்த ஆசையை அம்பது ராத்திரியும் ஜெயிக்கணும். எனக்கு உண்மையான வீரம்னு தோணுறது அதுதான்.

கப்பல் வந்தா? ஏ.ஐ.எஸ்.னு ஒரு கருவி, நம்ம படகு எங்க இருக்குன்னு கப்பல்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். கப்பல் கிட்ட வந்தா அலாரம் அடிக்கும். எழுந்து ரேடியோவுல, நான் துடுப்புப் படகு, நீங்க ஒதுங்கிப் போங்கன்னு சொல்லணும். அந்தக் கருவி, சுக்கானைப் பிடிக்கிற தானியங்கி, கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற மிஷின் எல்லாமே சோலார் கரண்ட்லதான் ஓடும். நாலு நாள் மேகம் மூடிட்டா எதை நிறுத்துறதுன்னு முடிவு பண்ணணும். ஆளைத் தூங்க விடாதது பாதி நாள் இந்தக் கணக்குதான்.

எதுவும் உடையலாம். அனன்யாவுக்கு நடுக்கடல்ல சுக்கானே உடைஞ்சுது. ராஸ் சாவேஜ்னு இங்கிலாந்துக்காரங்க, 2005-06-ல இதே அட்லாண்டிக்ல 103 நாள் போனாங்க. நாலு துடுப்பும் உடைஞ்சுது, சேட்டிலைட் போனும் செத்துப் போச்சு. ஒட்டுப் போட்ட துடுப்போட கரை சேர்ந்தாங்க. அதுக்கப்புறம் பசிபிக், இந்தியப் பெருங்கடல்னு அதையும் தனியாவே கடந்தாங்க. 1969-ல ஜான் ஃபேர்பாக்ஸ் முதல் ஆளா தனியா அட்லாண்டிக்கைக் கடந்தப்ப 180 நாள் ஆச்சு. அப்ப சேட்டிலைட் போனும் கிடையாது, ஏ.ஐ.எஸ்.சும் கிடையாது. அந்த மனுஷன் எப்படித்தான் கண்ணை மூடினாரோ, எனக்கு இன்னும் ஆச்சரியம்.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வரேன். வேணாம்னு சொல்லாதீங்க. அனன்யாவும் வருஷக்கணக்கா தயாராகித்தான் போனாங்க, இவளுக்கு நிறைய நேரம் இருக்கு. நல்லா நீந்தத் தெரியணும். அப்புறம் துடுப்பு. அல்சூர் ஏரியில மெட்ராஸ் சாப்பர்ஸ்னு ராணுவப் பொறியாளர் படைப் பசங்க பயிற்சி எடுக்கறதைக் காலையில கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, கரையில நின்னு பாத்தாலே உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு புரியும். கூடவே வயரிங், பேட்டரி, சோலார் பேனல் கழட்டி மாட்டக் கத்துக்கச் சொல்லுங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா? அதுல இருந்தே ஆரம்பிக்கலாம், எலக்ட்ரீஷியன் வரும்போது பக்கத்துல நிக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. லீவுல ஒரு வாரம், ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அலாரம் வெச்சு எழுந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டுப் படுக்கச் சொல்லுங்க. நீங்க எழுப்பிவிடக் கூடாது. ஏழாவது நாள் நோட்டைப் பாத்துட்டு எனக்கு எழுதுங்கம்மா. சரி, அடுத்த கேள்வி.