சக்கரத்தைச் சுழற்றினார்கள், கப்பல் திரும்பவில்லை!

(திரையில்: பாறைமேல் ஏறி நிற்கும் எண்ணெய்க் கப்பல்)

1967 மார்ச் 18, காலை நேரம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால், செவன் ஸ்டோன்ஸ் பாறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது டோரி கேன்யன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல். சுக்கான் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள், கப்பல் திரும்பவில்லை. ஒரு சிறிய நெம்புகோல் தவறான நிலையில் இருந்ததால் சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் தொடர்பே இல்லை. கேப்டன் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. உள்ளே இருந்தது ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான கச்சா எண்ணெய்!

அந்தக் காலத்தில் யாருக்கு மாலுமிச் சான்றிதழ் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவுசெய்தது. இதை மாற்ற, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதிகளைச் சொல்லும் எஸ்டிசிடபிள்யூ (STCW) உடன்படிக்கை 1978இல் லண்டனில் உருவானது; 1984இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனாலும் 1990இல் ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்தபோது 159 பேர் மாண்டார்கள். பணியாளர்களில் பலருக்கு அந்தக் கப்பலே புதிது. படித்துத் தேறியவர்கள் எல்லோரும் நெருப்பின் முன் நின்று வேலைசெய்யத் தெரிந்தவர்களா? இந்தக் கேள்விக்குப் பதிலாகவே அந்த உடன்படிக்கையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் பார்க்கிறேன். "தெரியும் என்றால், செய்துகாட்டு" என்று கேட்டது அது.

(திரையில்: பயிற்சிக் குளம்)

மாலுமிகளுக்கான உயிர்காப்புப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லைஃப் ஜாக்கெட் அணிந்து உயரத்திலிருந்து தண்ணீரில் குதிக்க வேண்டும். பிறகு, கவிழ்ந்து கிடக்கும் ரப்பர் மிதவையை நீரில் இருந்தபடியே நிமிர்த்த வேண்டும். அடிப்பக்கம் ஏறி, பட்டையைப் பிடித்து, உடல் எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தால் மிதவை நிமிரும். நிமிரும்போது நம் தலைமேலேயே விழும்! பதறாமல் அதன் அடியிலிருந்து நீந்தி வெளியே வர வேண்டும். இதை எந்தக் கேள்வித்தாளில் கேட்டுவிட முடியும்?

2010இல் மணிலாவில் வந்த திருத்தம், இத்தகைய திறன் மங்கவில்லை என்பதை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிரூபிக்கச் சொன்னது. வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வையும் கட்டாயமாக்கியது.

கப்பல் வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே, குளத்தில் இறக்காமலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பயிற்சி மையத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள்: எத்தனையாவது முயற்சியில் உங்கள் மிதவை நிமிர்ந்தது?