விதையும் வீட்டோடு புதைந்தது

அனைவருக்கும் வணக்கம்.

நிலநடுக்கம் என்றதும் இடிந்த வீடுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். உழவர் குடும்பத்துக்கு அந்த வீடுதான் களஞ்சியம், விதைக்கிடங்கு, பல இடங்களில் மாட்டுக் கொட்டகையும்கூட. அது சரியும்போது அடுத்த போகமும் சேர்ந்தே சரிகிறது.

நேபாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. கோர்க்கா மாவட்டத்து பர்பாக்கை ஒட்டி, நண்பகலுக்குச் சற்று முன்பு 7.8 அளவில் நிலம் குலுங்கியது. மே 12இல் மறுபடியும், 7.3. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய மலை வீடுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றின் அடியில் விதைநெல், மக்காச்சோளம், கேழ்வரகு, மண்வெட்டி, கலப்பை. ஜூனில் பருவமழை வந்துவிடும். அதற்குள் நாற்று விட்டாக வேண்டும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த நெல்லுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அந்த நடவுக்கு முன்பே நெல் விதையையும், தானியம் சேமிக்கும் பைகளையும் கொடுக்க முனைந்தது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மூட்டை அரிசி சில வாரம் பசியாற்றும். நேரத்துக்குக் கிடைத்த சில கிலோ விதை ஒரு குடும்பத்தை அடுத்த அறுவடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் எந்த விதை? சமவெளி ரகத்தை உயர்ந்த மலைச்சரிவில் நட்டால் குளிரில் கதிர் பதராகிவிடும். பாதிக்கப்படாத பக்கத்துப் பள்ளத்தாக்கில் விதை இருக்குமானால், அதை வாங்கிக்கொள்ளப் பணமோ, காட்டி விதை பெறும் சீட்டோ கொடுப்பதே மேல். விற்பவரும் உழவர், வாங்குபவரும் உழவர்.

கால்நடை பற்றிச் சொல்லியாக வேண்டும். தப்பிப் பிழைத்த எருமைக்குத் தீவனமும் இல்லை, மழைக்கு ஒதுங்க இடமும் இல்லை என்றால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பால் போச்சு, வயலுக்கு எருவும் போச்சு. நான்கு கம்பும் ஒரு தகரமும் அதைத் தடுத்திருக்கும். நிவாரணப் பட்டியலில் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே தீவனமும் எழுதப்பட வேண்டும்.

வாய்க்காலுக்கு வருகிறேன். நிலச்சரிவில் வாய்க்கால் அறுபடும், ஊற்று வற்றும், படிக்கட்டு வயல்களில் வெடிப்பு விழும். அவற்றைச் சீராக்கும் வேலையை ஊர்க்காரர்களிடமே கூலிக்கு விடுங்கள். கையில் காசும் வரும், வயலில் நீரும் வரும். நேபாளத்தில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், வண்டி எட்டாத ஊர்களுக்குச் சுமைதூக்கிகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டே உணவை ஏற்றியது. மலைப்பாதைகளைச் சீராக்கவும் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்தது.

எனக்கு மிகவும் மனம் வருந்துவது குத்தகைக்காரரை நினைத்துத்தான். வீடு கட்ட அங்கே அரசு மூன்று தவணையாக 3 லட்சம் நேபாள ரூபாய் கொடுத்தது. அதற்கு நிலப் பத்திரம் கேட்டார்கள். பிறர் நிலத்தில் உழுது வாழ்பவரிடம் ஏது பத்திரம்? கணவர் வெளிநாட்டில் கூலி வேலையில் இருக்க, நிலம் அவர் பெயரில் இருக்க, ஏர் நடத்தும் பெண் எந்தக் கதவைத் தட்டுவாள்? பயிர் செய்பவர் யார் என்று ஊரே சொல்லும். அந்தச் சாட்சியத்தை ஏற்க விதி எழுத வேண்டும்.

ஆகவே கணக்கெடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை அறை இடிந்தது என்று கேட்பதோடு, எந்த மாதம் எதை விதைப்பீர்கள், யார் விதைப்பார்கள், கடன் தவணை எப்போது என்றும் கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே மேலிடத்துக்கு அனுப்புங்கள்; நிவாரணத்துக்கு விதை வாங்குபவருக்கு அந்த விதைப்புத் தேதி தெரிய வேண்டும்.