கதவுக்குள் ஓடும் பேச்சு

வணக்கம். காரில் டிரைவர் சீட்டில் இருந்தபடியே பக்கத்துக் கதவின் கண்ணாடியை இறக்கும் பட்டனை அழுத்துகிறீர்கள். பழைய கார் என்றால் மோட்டாருக்கான மின்சாரமே அந்தப் பட்டன் வழியாகத்தான் ஓடும். தடித்த வயர் கட்டு ஒவ்வொரு கதவுக்குள்ளும் நுழையும். இன்றைய பல கார்களில் அந்தப் பட்டன் ஒரு செய்தி அனுப்புவதோடு சரி. உங்கள் கதவில் இருக்கும் கன்ட்ரோல் மாட்யூல், அதாவது குட்டிக் கணினி, "இடது கண்ணாடி, கீழே" என்று இரண்டு மெல்லிய வயர்களில் சொல்லும். அதைக் கேட்ட இடது கதவு மாட்யூல் தன் மோட்டாரைத் தானே ஓட்டும்.

இந்தப் பேச்சு முறைக்குக் கேன் என்று பெயர். தண்ணீர் கேன் இல்லை! ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் வேலையைத் தொடங்கி 1986-ல் டெட்ராய்ட் மாநாடு ஒன்றில் வெளியிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு மாட்யூல்கள் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதுதான். நம் ஊர்க் கூட்டத்தில் என்றால் இருவர் சொன்னதும் காதில் விழாது. கேனில் ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்கும். அனுப்புகிறவர் அதை ஒவ்வொரு பிட்டாக, அதாவது 0 அல்லது 1 ஆக, அனுப்பிக்கொண்டே, வயரில் என்ன ஓடுகிறது என்றும் கவனிப்பார். வயரில் 0 எப்போதும் 1-ஐ அமுக்கிவிடும். 1 அனுப்பிய இடத்தில் 0 கேட்டால், "சரி, நம்மைவிட அவசரமான ஆள்" என்று ஒதுங்கி, அப்புறம் மறுபடி முயல்வார். வென்றவருக்குப் போட்டி நடந்ததே தெரியாது. செய்தியில் ஒரு பிட்டும் கெடாது. நொடிக்கு 1,25,000 பிட் வேகத்திலும் ஒரு செய்தி முடிய சுமார் ஒரு மில்லி நொடிதான் ஆகும்.

சில கதவுகளுக்குள் பட்டன் பலகை, சைடு மிரர் போன்றவற்றுக்கு லின் என்ற ஒற்றை வயர் ஏற்பாடும் உண்டு. அங்கே தலைவராக இருக்கும் மாட்யூல் கேட்டால்தான் மற்றவர்கள் பதில் சொல்வார்கள்.

என்னிடம் ஒரு கார் வந்தது. இடது கதவை முழுக்கத் திறந்தால் கண்ணாடியும் லாக்கும் டிரைவர் சொன்னபடி கேட்கும், மூடினால் கேட்காது. வேறோர் இடத்தில் மோட்டாரை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார் உரிமையாளர். கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உறையைக் கழற்றினேன். வயர்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஒவ்வொன்றாக லேசாக இழுத்தேன், கேன் வயர் இரண்டில் ஒன்று மட்டும் ரப்பர் பேண்டு போல நீண்டது. மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. கதவு திறந்து மூடி, அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுந்தது.

ஒட்டுப் போட்டு, இரண்டு கேன் வயரையும் பழையபடி ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். அந்த முறுக்கு இருந்தால்தான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். கேட்கிற மாட்யூல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால், அந்த இரைச்சல் கழிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.