கிணத்துத் தண்ணி மேல 8 செமீ எண்ணெய்! அத தின்னு தீர்க்க ஆள் இருக்கா?

நாலு விரல சேர்த்து வெச்சுப் பாருங்க, ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் வரும். நைஜீரியாவுல ஓகோனிலாண்ட்ல ஒரு இடத்துல, நிலத்தடித் தண்ணி மேல அவ்ளோ தடிமனா எண்ணெய், பால் மேல ஆடை மாதிரி மிதந்துச்சு. அந்தத் தண்ணிதான் கிணத்துக்கு வருது!

வணக்கம் மக்களே! முன்கதைய ஓட்டிடுறேன். 1950கள்ல எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சாங்க, குழாய் ஒழுகுச்சு, எண்ணெய்த் திருட்டும் நடந்துச்சு, 2011ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு ரிப்போர்ட் போட்டுச்சு. அவ்ளோதான்.

சரி, மிதக்குறத பம்ப் வெச்சு உறிஞ்சிடலாம்ல? உறிஞ்சலாம். ஆனா எண்ணெய்ல இருக்குற பென்சீன் தண்ணியில கரைஞ்சிடும், கண்ணுக்குத் தெரியாது, கேன்சர் வரவைக்கிற சாமான். ஓகாலேங்கிற ஊர்ல ஜனங்க குடிச்ச கிணத்துல அது உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவ விட 900 மடங்குக்கு மேல. தண்ணிய வெளிய எடுத்து கார்பன் ஃபில்டர்ல விட்டுத்தான் பிரிக்கணும்.

இப்ப எனக்குப் பிடிச்ச ஏரியா. மண்ணுக்குள்ள ஏற்கனவே இருக்குற சில பாக்டீரியாவுக்கு எண்ணெய்னா சாப்பாடு! புதுசா எதையும் கொண்டுவந்து கொட்டணும்னுகூட பல இடத்துல அவசியமில்ல. அப்புறம் ஏன் தானா சுத்தமாகலன்னு கேப்பீங்க. எண்ணெய்ல கார்பன் மட்டும்தான் எக்கச்சக்கமா இருக்கு, நைட்ரஜன் பாஸ்பரஸ் இல்ல, அதாவது அண்டா நிறைய சோறு இருக்கு தொட்டுக்க ஒண்ணுமே இல்ல, எவ்ளோ நேரம்தான் வெறும் சோத்த முழுங்குறது? அதனால உரம் போடுவாங்க. கூடவே மூச்சு விடக் காத்து வேணும், அதுக்கு மண்ணக் கிளறி விடுவாங்க. கோடிக்கணக்குல வேலையாள், சம்பளம் யூரியா. எந்த முதலாளிக்குக் கிடைக்கும் சொல்லுங்க!

ஆனா அங்க எண்ணெய் எடுத்த ஷெல் கம்பெனி இதையே தான் பண்ணுச்சு, மேல்மண்ணக் கிளறி உரம் போட்டு விட்டுட்டாங்க. ஐநா ஆளுங்க தோண்டிப் பாத்தா 49 இடத்துல குறைஞ்சது 5 மீட்டர் ஆழம் வரைக்கும் எண்ணெய்! மேல பந்தி போட்டுட்டு அடியில பட்டினி போட்டா எப்படிங்க? ஆழத்துல இருக்கறத, ஒண்ணு மண்ணையே தோண்டி எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணணும், இல்ல குழாய் இறக்கி காத்து ஊதணும். கடுப்பான வேலை, அதான் யாரும் ஆசையா இறங்கல போல.

முழுசா மீள 25லருந்து 30 வருஷம் ஆகலாம்னு ரிப்போர்ட் சொல்லுது. பாக்டீரியாவுக்கு அவசரமே இல்ல. ஓகாலேல குடத்தோட நிக்கிறவங்களுக்கு உண்டே, அதனால அவங்களுக்கு மொதல்ல வேற குடிதண்ணி குடுங்கன்னும் அதே ரிப்போர்ட்லதான் எழுதிருக்கு.