வேன் பேட்டரியில் மிக்சி ஓடும், சோறு மட்டும் வைக்காதீர்கள்

வணக்கம். காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் மிளகுத் தோட்டத்துக்குள் வண்டி நிற்கிறது. பக்கத்தில் மின்கம்பம் கிடையாது. இன்றைக்கு அருவியும் காட்டப்போவதில்லை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் காட்டப்போவதில்லை. வேனில் மிக்சி ஓடுமா, இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுமா, ரைஸ் குக்கர் ஓடுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் அல்லவா? ஓட்டியே காட்டுகிறேன்.

பின்கதவைத் திறக்கிறேன். இருக்கைக்கு அடியில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டிதான் பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12.8 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர். இரண்டையும் பெருக்கினால் 2,560 வாட் ஹவர். மின்வாரியக் கணக்கில் இரண்டரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டாவது இலவசமாக வரும் மாநிலத்தில் இருக்கும் நமக்கு, இரண்டரை யூனிட் என்றால் சிரிப்புதான் வரும். வேனில் நான் அதை வைத்து இரண்டு நாள் ஓட்டுவேன். பக்கத்தில் இருப்பது 1,500 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர். பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை, வீட்டில் வருவதுபோல் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரமாக மாற்றித் தருகிறது. இந்தச் சின்னத் திரை மீட்டர். பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். கேமராவை இதன்மேல்தான் அதிகம் வைக்கப்போகிறேன்.

முதலில் மிக்சி. தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் தண்ணீர். அடியில் 750 வாட் என்று எழுதியிருக்கிறது. போடுகிறேன், மீட்டரைப் பாருங்கள். போட்ட நொடியில் 80 ஆம்பியரைத் தாண்டியது, பிறகு 40 பக்கம் இறங்கிவிட்டது. சட்னிக்கு 750 வாட் முழுவதும் தேவைப்படுவதில்லை. இட்லிப் பொடியோ மஞ்சளோ அரைத்தால் இன்னும் ஏறும். சரி, அரைத்தாயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரியிலிருந்து போனது 20 வாட் ஹவருக்கும் குறைவு. 2,560இல் ஒரு சதவீதம்கூட இல்லை. மிக்சி போடும் சத்தத்தைக் கேட்டுப் பேட்டரி காலியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் பயத்தை விட்டுவிடலாம்.

ஒரு கருவியைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது? எவ்வளவு நேரம் இழுக்கிறது? முதலாவதைத் தாங்க வேண்டியவை இன்வெர்ட்டரும் வயரும். இரண்டாவதைத் தாங்க வேண்டியது பேட்டரி. மிக்சி முதல் கேள்வியில் முரடு, இரண்டாவதில் சாது. ரைஸ் குக்கர் அப்படியே தலைகீழ். 700 வாட்தான், இன்வெர்ட்டர் முனகக்கூட முனகாது. ஆனால் 25 நிமிடம் விடாமல் இழுக்கும். கணக்குப் போட்டால் 290 வாட் ஹவர். இன்வெர்ட்டரில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் 330 பக்கம். மேலே சுற்றுகிறதே, குறைந்த மின்சாரத்தில் ஓடும் இந்த பி.எல்.டி.சி. மின்விசிறி, இது வெறும் 28 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் 225 வாட் ஹவர்தான். ஒரு வேளைச் சோற்றுக்குப் போகும் மின்சாரம் ஒரு இரவுத் தூக்கத்தைவிட அதிகம். கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கரை வைத்து மூன்று விசில் விட்டால் அதே சோறு. எனக்குத் தூக்கம் முக்கியம், ஆகவே என் வண்டியில் ரைஸ் குக்கர் இல்லை.

கெட்டிலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 600 வாட் பயணக் கெட்டில் வாங்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள். மிச்சமாகாது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் 45 வாட் ஹவர் அளவு. அதை 1,500 வாட் கெட்டில் இரண்டு நிமிடத்தில் கொடுக்கிறது, 600 வாட் கெட்டில் ஐந்து நிமிடத்தில் கொடுக்கிறது. பிறகு எதற்கு நான் சின்னதை வைத்திருக்கிறேன்? பெரிய கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், என் இன்வெர்ட்டரின் எல்லையையும் தொட்டுவிடும். சின்னது 50 சொச்சத்தோடு நின்றுவிடும். வேறு எதுவும் ஓடாத நேரத்தில் ஒரு டம்ளர் சுக்குக் காபிக்கு அது போதும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம் என்பது என் முடிவு. "300 வாட்டில் வைத்துக்கொள்கிறேனே" என்பார்கள். விலை குறைந்த அடுப்புகள் பலவற்றில் 300 என்று வைத்தால் தொடர்ந்து 300 வராது. ஆயிரத்துக்கு மேல் ஒரு சில விநாடி இழுக்கும், நிறுத்தும், மறுபடி இழுக்கும். சராசரிதான் 300. இன்வெர்ட்டருக்கும் வயருக்கும் சராசரி தெரியாது, அந்த ஆயிரம்தான் தெரியும். இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தும் கருவி, தண்ணீரில் போடும் ஹீட்டர் எல்லாம் இதே சாதி. சுருக்கமாகச் சொன்னால், சூடாக்குவதற்கு கேஸ், சுற்றுவதற்குப் பேட்டரி.

சுற்றுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டேபிள்டாப் கிரைண்டர். கோயம்புத்தூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம், நல்ல கருவிதான். 150 வாட் என்று எழுதியிருக்கும், அரை மணி ஓடினாலும் 75 வாட் ஹவர்தான். இவ்வளவு சின்ன வாட்டுக்கு இன்வெர்ட்டர் ஏன் கத்துகிறது என்று கேட்கிறீர்கள். உள்ளே இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில் எழுதியிருப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு கேட்கும். ஊறிய அரிசியையும் உளுந்தையும் முழுவதும் போட்டுவிட்டுச் சுவிட்சைத் தட்டினால், கல்லும் மாவும் சேர்ந்து அது கிளம்பவே திணறும். அந்தத் திணறல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நேரமும் மின்சாரம் பாயும். ஆகவே கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு முதலில் சுற்ற விடுங்கள், பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். நம் வீட்டு அம்மாக்கள் எப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி வயர். வீடியோவைத் தள்ளிவிட்டு ஓட்டுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் தள்ளாதீர்கள். வீட்டில் 1,000 வாட் என்றால் நான்கரை ஆம்பியர்கூட இல்லை. அதே 1,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 90 ஆம்பியர் ஓட வேண்டும். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு இரண்டு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம், போக வர நான்கு மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், வழியிலேயே 0.6 வோல்ட் காணாமல் போகும். ஐம்பது வாட்டுக்கு மேல் வயரே சூடாக எரிந்துகொண்டிருக்கும், அதுவும் நீங்கள் படுக்கும் மெத்தைக்கு அடியில். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரி நிறைந்திருந்தும் மிக்சி போட்டவுடன் "பேட்டரி குறைவு" என்று இன்வெர்ட்டர் கத்துகிறதா? பேட்டரியைத் திட்டுவதற்கு முன் வயரையும் முனை நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் விடை கிடைத்துவிட்டது. முடிந்தால் வயரை நீட்டாதீர்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோங்கள். 230 வோல்ட் பக்கத்து வயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் எம்.சி.பி. சுவிட்சை, அதாவது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்சை, போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, அதனால் சுவிட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி பிடித்துக்கொண்டு எரியும். டி.சி.க்கென்று செய்த ஃபியூஸ் வாங்குங்கள், காசு பார்க்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரையும் டியூபுலர் பேட்டரியையும் கழற்றி வேனில் வைக்கலாமா? 2012 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பழக்கம், நம் ஊரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றத் தெரியாத குடும்பம் இல்லை. வைத்தால் ஓடும். ஆனால் 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் நிற்பது 900 வாட் ஹவர். பேட்டரிமேல் சி20 என்று எழுதியிருந்தால், அந்த 150 என்பது 20 மணி நேரத்தில் நிதானமாக, ஏழரை ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. 80 ஆம்பியராகப் பிடுங்கினால் அதில் நிறையக் குறையும். 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி அதில் கால்வாசி எடைதான், 1,000 வாட் ஹவர் தரும். இதற்கெல்லாம் மேல், டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், வளைவுகளில் ஆசிட் சிந்தும். படுத்துத் தூங்கும் அறைக்குள் அதை வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். வீட்டு மின்சாரம்போல் வழவழப்பாக ஏறி இறங்காத பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் மிக்சி ஓடிவிடும். மின்விசிறியும் கிரைண்டரும் முனகிக்கொண்டே சூடாகும்.

லித்தியத்துக்கும் குறை உண்டு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. கொல்லிமலையில் அந்தக் கவலை இல்லை, ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் நினைவிருக்கட்டும். இன்னொன்று, வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. நிறைந்ததிலிருந்து ஏறக்குறையத் தீரும்வரை 13 வோல்ட் பக்கமே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். அதனால்தான் போவதையும் வருவதையும் எண்ணும் இந்த மீட்டர்.

இப்போது எதையும் ஓட்டவில்லை, ஆனாலும் மீட்டர் ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டுகிறது, பார்த்தீர்களா? சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் தின்பது அது. 15 வாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 360 வாட் ஹவர், சோறு வைத்த கணக்கையும் தாண்டிவிட்டது. ஆகவே வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைக்கிறேன். விளக்கு, மின்விசிறி, போன் சார்ஜர், மடிக்கணினி எல்லாம் 12 வோல்ட்டிலிருந்தே நேராக ஓடும்படி செய்திருக்கிறேன். டி.சி.யை ஏ.சி.யாக்கி, சார்ஜர் அதை மறுபடி டி.சி.யாக்கும் கூத்து எதற்கு?

மேலே 400 வாட் சோலார் பேனல் இருக்கிறது. மூடுபனியில் இந்த நிமிடம் அது கொடுப்பது 60 வாட். நல்ல வெயிலில், கூரையில் தட்டையாகக் கிடந்தாலும், நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாது. வண்டி ஓடும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து 30 ஆம்பியர் சார்ஜர் வழியாக மணிக்கு 380 வாட் ஹவர் ஏறும். எஞ்சின் கிளப்பும் பேட்டரியும் இருக்கைக்கு அடியில் இருக்கும் இந்தப் பேட்டரியும் தனித்தனி, எஞ்சின் பேட்டரியில் நான் மிக்சி ஓட்டுவதில்லை. அதன் தகடுகள் ஒரு நொடி பலமாக இழுப்பதற்காகச் செய்தவை, ஆழமாக இறக்கினால் கெட்டுவிடும். காலையில் வண்டியும் கிளம்பாது.

குளிர்பெட்டியைப் பற்றிப் பேசினால் இன்னும் அரை மணி ஆகும், அதற்குத் தனி வீடியோ. உங்கள் கருவி ஓடுமா என்று கேட்கிறவர்கள், அதன் அடியில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணையும் ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஓட்டுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் "மிக்சி ஓடுமா" என்றால் என்னால் பதில் சொல்ல முடியாது. தோசைக்கல் காய்ந்துவிட்டது, வருகிறேன்.